பார்சலும் பயணியும்

1928-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி அமெரிக்காவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த உருப்படிகளில் இருபது வயது இளைஞர் ஒருவரும் உண்டு. டென்னஸி மாநிலத்து நாஷ்வில்காரர், பெயர் மோரிஸ் ஃபிராங்க். இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. அந்தக் கம்பெனி என்றால் இன்றைக்கு கிரெடிட் கார்டுதான் ஞாபகம் வரும். 1850-ல் தொடங்கியபோது அதன் தொழில் சாமான் அனுப்புவது. பார்வையில்லாதவர் தனியாகக் கடல் கடப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் கிடைத்த விடை, அவரையும் பார்சல் கணக்கில் ஒப்படைத்துவிடுவதுதான். கப்பலில் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனால் தளத்தில் நடக்கலாம். வராவிட்டால் அறைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

ஃபிராங்க் 1957-ல் வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் லேடி ஆஃப் த சீயிங் ஐ’ என்ற தன்வரலாற்றைப் பேசும் புத்தகமாகக் கேட்டேன். இந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டுச் சிரித்தேன். பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்து முடித்து, சென்னையில் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் அப்பா என்னை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுவதும் இதே முறையில்தான். எதிர் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் பொறுப்பு. “அண்ணாச்சி, பிள்ளைக்குக் கண்ணு தெரியாது. எக்மோர்ல அவ சித்தப்பா வந்து வாங்கிக்கிடுவாவ” என்பார். அந்த அண்ணாச்சிமார் எல்லாருமே நல்லவர்கள். ஆனால் விழுப்புரத்தில் காபிக்காரர் வரும்போது என்னிடம் கேட்க மாட்டார்கள். “இந்தப் பிள்ளை காபி குடிக்குமா?” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பார்கள்.

இப்போது நான் இருப்பது நியூ ஜெர்சியின் மோரிஸ் கவுன்டியில். கணவரின் வேலைக்காக வந்தோம். எனக்கு நியூயார்க்கில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசியில் பேசும் வேலை. காலையில் ரயிலேறும்போது இடது கையில் ஒரு ஹார்னஸ் பிடி இருக்கும், அதன் முன்னே ஹேசல் என்ற மஞ்சள் லாப்ரடார் இருப்பாள். அவளைத் தந்தது மோரிஸ்டவுனில் உள்ள சீயிங் ஐ, மோரிஸ் ஃபிராங்க் காரணமாகப் பிறந்த பள்ளி. ஊரின் நடுப் பூங்காவில் அவருக்கும் அவருடைய நாய்க்கும் 2005-ல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். நாயின் தலையில் தொடங்கி, பட்டை வழியாக அவருடைய கைவரை தடவிப் பார்த்திருக்கிறேன். ஹேசல் அதுவரை சிலையை மோப்பம் பிடித்துவிட்டு, இது ஆகாத நாய் என்று முடிவுகட்டி உட்கார்ந்துவிட்டாள்.

ஊனம் உள்ளவரும் அவருடைய நாயும் ரயிலேறிய வரலாறு என்று எதையாவது சொல்வதானால், அது எந்தப் பெட்டி என்ற வரலாறுதான். சாமான் பெட்டியா, உட்காரும் பெட்டியா?

கண் தெரியாதவருக்கு நாய் வழிகாட்டுவது பழைய சங்கதி. அதை ஒழுங்கான பயிற்சியாக்கியது முதல் உலகப் போர். விஷவாயுவிலும் வெடியிலும் பார்வை போன ஜெர்மன் சிப்பாய்களுக்காக கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற டாக்டர் 1916-ல் ஓல்டன்பர்க் நகரில் ஒரு பள்ளி திறந்தார். தன் நாயைப் பார்வையற்ற நோயாளி ஒருவரிடம் விட்டுவிட்டுப் போனவர், திரும்பி வந்தபோது அது அவரைப் பாதுகாத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து இந்த யோசனை பிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். பிறகு பாட்ஸ்டமில் இன்னொரு பள்ளி வந்தது. அதைப் போய்ப் பார்த்தவர் டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. சுவிட்சர்லாந்தில் வெவே நகருக்கு மேலே மோன் பெலரின் மலையில் ‘ஃபார்ச்சுனேட் ஃபீல்ட்ஸ்’ என்ற பண்ணையில் போலீசுக்கும் ராணுவத்துக்கும் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தவர் அவர். பாட்ஸ்டமில் பார்த்ததை 1927 நவம்பர் 5 தேதியிட்ட சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் கட்டுரையாக எழுதினார்.

நாஷ்விலில் ஒரு தகப்பனார் அதைத் தன் மகனுக்கு வாசித்துக் காட்டினார். மகன் மோரிஸ். ஆறு வயதில் குதிரை மேல் போகும்போது ஒரு கண் போயிற்று. பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மற்றது போயிற்று. அவர் அம்மாவுக்கும் பார்வையில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே இன்ஷூரன்ஸ் விற்றவர், வீடு வீடாகக் கூட்டிப்போக ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். பையனுக்கு அலுத்துப்போனால் அன்றைய வியாபாரம் முடிந்தது. கட்டுரையைக் கேட்டதும் யூஸ்டிஸ் அம்மையாருக்குக் கடிதம் போட்டார். எனக்கு ஒரு நாய் வேண்டும், இங்கே என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்குக் கற்றுக்கொடுத்தால் நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பேன் என்பது அதன் சாரம். அப்படித்தான் பார்சலானார்.

மலைமேல் அவருக்குக் கிடைத்த பெண் ஷெப்பர்ட் நாயின் பெயர் கிஸ். நடுத்தெருவில் நின்று அப்படிக் கூப்பிட எந்த இளைஞருக்குத்தான் வாய் வரும்? பட்டி என்று மாற்றிக்கொண்டார். பயிற்சியாளர் ஜாக் ஹம்ஃப்ரியுடன் மலையிலிருந்து கயிற்று ரயிலில் இறங்கி வெவே தெருக்களில் நடை பழகினார். ஒரு நாள் முடி வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நாயோடு தனியாகவே போய் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊரில் இருந்தபோது முடிதிருத்தும் கடையில் கொண்டுபோய் விட்டவர் திரும்ப வரும்வரை அங்கேயே காத்துக் கிடந்தவர் அவர். நாய் பிடித்து நடப்பவர்களைக் கேட்டால் லாரியிலிருந்து காப்பாற்றிய கதையை முதலில் சொல்ல மாட்டார்கள். வேண்டாத இடத்திலிருந்து எழுந்து வர முடிந்ததைத்தான் சொல்வார்கள்.

1928 ஜூன் 11. நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் பத்திரிகைக்காரர்கள் கூடி, இந்தத் தெருவைக் கடந்து காட்டு பார்ப்போம் என்றார்கள். லாரிகளும் வண்டிகளும் அலைமோதும் அகலமான சாலை. பட்டி நின்று, முன்னேறி, பின்வாங்கி, மறுபடி முன்னேறி அவரை அக்கரை சேர்த்தாள். சுவிட்சர்லாந்துக்கு ஒரே சொல்லில் தந்தி போயிற்று: ‘வெற்றி’.

தெருவைக் கடந்தாயிற்று. அமெரிக்கா என்பது தெருவோடு முடிவதில்லையே, ரயில் இருக்கிறது. அன்று ஊர் விட்டு ஊர் போவது என்றால் ரயில்தான். அந்த ரயில்களில் நாய் என்பது சாமான், அதன் இடம் பேக்கேஜ் கார். பெட்டிகளும் மூட்டைகளும் தபால் பைகளும் போகும் அந்தப் பெட்டியில் சங்கிலியால் கட்டிப் போட்டுவிடுவார்கள். முதலாளி வேறு பெட்டியில் உட்கார்ந்திருக்கலாம், இறங்கும்போது சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். வேட்டைக்குப் போகும் கனவானுக்கு இது சரி. நாயைப் பிரித்தால் கழிப்பறைக் கதவைக் கூடக் கண்டுபிடிக்க முடியாதவருக்கு இது என்ன ஏற்பாடு?

இன்னொரு சிக்கலும் இருந்தது. அமெரிக்க ரயில்வே என்று ஒன்று அன்று இல்லை. பென்சில்வேனியா, லாக்கவானா, சதர்ன், லூயிவில்–நாஷ்வில் என்று ஒவ்வொரு தடமும் ஒவ்வொரு தனியார் கம்பெனிக்குச் சொந்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிப்புத்தகம். ஒரு கம்பெனியில் சரி என்று சொல்ல வைத்தால், வண்டி மாறும் இடத்தில் அடுத்த கம்பெனியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃபிராங்க் இன்ஷூரன்ஸ் விற்றவர் என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் கதவை மறுநாளும் தட்டுவது அவருக்குத் தொழில். நாட்டை மேலும் கீழுமாகச் சுற்றினார். பட்டியைக் கூடவே அழைத்துப்போய், சத்தம் போடாமல் காலடியில் கிடப்பதைக் காட்டினார். நாய் கடிக்கும், நாற்றமடிக்கும், மற்ற பயணிகள் முகம் சுளிப்பார்கள் என்ற மூன்று பயங்களுக்கும் பட்டியே பதில்.

சீயிங் ஐ பள்ளி 1929 ஜனவரி 29 அன்று நாஷ்விலில் பதிவானது. முதல் வகுப்பில் இரண்டே பேர், இருவருமே பார்வை இழந்த டாக்டர்கள். நாஷ்வில் வெயிலில் நாய்களைப் பழக்குவது சிரமமாக இருக்கவே, 1931-ல் வடக்கே நியூ ஜெர்சியில் மோரிஸ்டவுன் பக்கத்து விப்பனிக்கு இடம் மாற்ற ஏற்பாடானது. 1960-களில் மோரிஸ்டவுனுக்கே வந்துவிட்டது. பள்ளி இந்தப் பக்கம் வந்த அதே சமயத்தில்தான் எங்கள் பாதைக்கும் மின்சாரம் வந்தது. லாக்கவானா கம்பெனி தன் புறநகர்த் தடங்களை 3,000 வோல்ட்டில் மின்மயமாக்கியபோது, 1930 செப்டம்பர் 3 அன்று ஹோபோக்கனிலிருந்து முதல் வண்டியைக் கிளப்பியவர் தாமஸ் ஆல்வா எடிசன். எண்பத்து மூன்று வயது, காது அநேகமாகக் கேட்காது. சிறுவனாக ரயிலில் பேப்பர் விற்றவர். ஊனமுற்றவர்களை ரயில் எப்போதிலிருந்து ஏற்றிக்கொள்கிறது என்று யாராவது கேட்டால், ஓட்டவே விட்டிருக்கிறது என்று சொல்லலாம். என்ன, எடிசனாக இருக்க வேண்டும்.

1935-க்குள் அமெரிக்க ரயில் கம்பெனிகள் எல்லாமே வழிகாட்டி நாயை உரியவரோடு பயணிகள் பெட்டியில் விடுவது என்று விதியை மாற்றிவிட்டன. கட்டாயப்படுத்த ஒரு சட்டமும் அப்போது கிடையாது. ஏழு வருஷத்தில், ஒவ்வொரு கம்பெனியாகப் பேசிப் பேசிச் செய்த காரியம் இது. 1937-ல் நாடாளுமன்றம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகச் சட்டத்தைத் திருத்தியது. முழுக்கப் பார்வையில்லாதவரையும் அவருடைய பழக்கப்பட்ட நாயையும் ஒரே ஆளுக்கான கட்டணத்தில் ஏற்றிச் செல்லலாம் என்று அதில் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 1920-களிலேயே, துணைக்கு வரும் மனிதருக்கு இப்படி ஒரு சலுகை எழுதியாகிவிட்டது. அந்த வரியில் நாயும் ஏறிக்கொண்டது. கவனிக்க வேண்டியது, ‘ஏற்றிச் செல்லலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘ஏற்றியே தீர வேண்டும்’ என்றில்லை. கட்டணத்தில் பாரபட்சம் காட்டக்கூடாது என்ற பொது விதியை மீறிய குற்றம் கம்பெனிமேல் விழாமல் பார்த்துக்கொள்ளும் வரி அது. ஊனமுற்றவர் உரிமை என்று நாம் பெருமையாகச் சொல்லும் பல வரிகள் இப்படி யாருடைய தலையையோ காப்பதற்கு எழுதப்பட்டவைதான்.

நாய்க்கு டிக்கெட் இல்லை என்ற செய்தி எங்கள் வீட்டில் வேறு விதமாகப் போயிற்று. அம்மா திருநெல்வேலியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். நாயை வீட்டுக்குள் விட்டதையே அவரால் தாங்க முடியவில்லை. “ஏட்டி, வாசல்ல கெடக்க வேண்டியத கட்டிலுக்கடியில போட்டு வச்சிருக்கியே, லெச்சுமி எப்பிடிளா வருவா?” என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பல். பிறகு ஒரு சனிக்கிழமை எங்களோடு ரயிலில் வந்தார். கண்டக்டர் எங்கள் இருவரிடமும் டிக்கெட் பார்த்துவிட்டு, கீழே கிடந்த ஹேசலைத் தாண்டிப் போனதும் கேட்டார்.

“இதுக்கு டிக்கெட் உண்டாட்டி?”

“கெடையாதும்மா.”

“அரையாவது?”

“ஒண்ணுமே கெடையாது.”

“நம்ம ஊர்ல ஒன்கூட வந்த எனக்கே முக்கால்வாசிதான தள்ளுனான். இங்க இதுக்கு முழுசும் ஓசியா?”

சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. இந்திய ரயில்வேயில் முழுப் பார்வையின்மைக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதச் சலுகை, துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே. அம்மா அன்றைக்குப் பிறகு ஹேசலைக் கொஞ்சம் மரியாதையாகவே பார்க்க ஆரம்பித்தார்.

1935 என்ற ஆண்டைச் சொல்லும்போது ஒரு முள் குத்துகிறது. ஃபிராங்கின் சொந்த மாநிலமான டென்னஸிதான் கறுப்பு மக்களை ரயிலில் பிரித்து உட்கார வைக்க 1881-லேயே சட்டம் போட்ட முதல் மாநிலம். பட்டியை அனுமதித்த அதே தெற்கத்திக் கம்பெனிகளின் அதே வெள்ளையர் பெட்டியில் ஒரு கறுப்பு ஆசிரியையோ வக்கீலோ உட்கார முடியாது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் ரயில்களில் அந்தப் பிரிவினையை மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையம் 1955 இறுதியில் தடை செய்தது. 1956 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. எல்லா மாநிலங்களிலும் வழிகாட்டி நாய்க்குப் பொது இடங்களில் நுழையச் சட்டம் வந்து முடிந்ததும் அதே 1956 வாக்கில்தான். நாய்க்கு விதி மாற ஏழு வருஷம், மனிதருக்கு முக்கால் நூற்றாண்டு. இதில் நாயின் குற்றம் ஒன்றுமில்லை, ஃபிராங்கின் குற்றமும் இல்லை. ஆனால் எந்த உரிமை எளிதாகக் கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏறுவது எப்படி என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் பாதையில் இரண்டு வகை நிலையங்கள் உண்டு. பிளாட்பாரம் வண்டியின் தரை மட்டத்துக்கே இருக்கும் இடங்களில் தொல்லையில்லை, இடைவெளியை மட்டும் தாண்ட வேண்டும். தாழ்ந்த பிளாட்பாரங்களில் கதவருகே தரையில் பதித்த இரும்புப் பலகையைக் கண்டக்டர் தூக்கிவிடுவார். அந்தச் சத்தத்தை வைத்தே கதவு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிடும். பலகைக்குக் கீழே செங்குத்தான படிகள். “ஃபார்வர்ட்” என்றால் ஹேசல் படி வரைக்கும் போய், முன்னங்கால் இரண்டையும் முதல் படியில் வைத்து நிற்பாள். பிடி சாய்ந்திருக்கும் கோணத்திலேயே ஏற்றம் என்று கைக்குத் தெரியும். காலால் படியின் விளிம்பைத் தடவி, வலது கையால் கம்பியைப் பிடித்து, அதன் பிறகு மறுபடி “ஃபார்வர்ட்”. கட்டளை எல்லாம் ஆங்கிலத்தில்தான், பள்ளியில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். ஏறி முடித்ததும் வரும் “எங்க ராசாத்தி” மட்டும் தமிழ். இரண்டும் அவளுக்குப் புரிகிறது.

உள்ளே போனதும் பிடியை விட்டுவிட்டு வாரைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பின்பக்கமாகச் சீட்டுக்கு அடியில் தள்ள வேண்டும். தலை என் கால்களுக்கு நடுவில் இருக்கும். வால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று செருப்பால் துழாவிப் பார்த்துக்கொள்வேன். நியூயார்க் பென் ஸ்டேஷனில் திரும்பும் நேரம் கதை வேறு. எந்தத் தடம் என்று வண்டி கிளம்பச் சில நிமிஷம் முன்னால்தான் அறிவிப்பார்கள், அறிவித்தவுடன் கூட்டம் ஒரே படிக்கட்டை நோக்கிப் பாயும். ஹேசல் சுவரோரமாக என்னை ஒதுக்கிக்கொண்டு போவாள். கீழே பிளாட்பாரம் குறுகல். விளிம்பில் மஞ்சள் பட்டையில் புடைப்புகள் இருக்கும், காலுக்குத் தட்டுப்படும். 1960-களில் ஜப்பானில் செய்ச்சி மியாகே கண்டுபிடித்து, 1967-ல் ஒகயாமா நகரத்துப் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் முதன்முதலாகப் பதித்த ஓடுகளின் வாரிசு அது. நான் தப்பாக “ஃபார்வர்ட்” சொன்னால் ஹேசல் நகர மாட்டாள், குறுக்கே நின்றுகொள்வாள். சொன்னதைக் கேட்காமலிருப்பதையும் பாடமாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் எங்களைப் பழக்கியவர் சொல்வார், கீழ்ப்படிகிற நாய் எந்த வீட்டிலும் கிடைக்கும் என்று.

வழக்கமான பாதையில் கண்டக்டர்களுக்கு எங்களைத் தெரியும். வேறொரு பாதையில், வேறொரு மாநிலத்தில் ஒரு முறை படியிலேயே மறித்தார்கள். கம்பெனியின் பெயர் வேண்டாம். “நாயென்றால் கூண்டில் வர வேண்டும்” என்றார் இளைஞர். செல்லப் பிராணிக்கான விதி அது என்றேன். கார்டு காட்டுங்கள் என்றார். கார்டு கேட்க சட்டத்தில் இடமில்லை என்றேன். அவர் மேலிடத்துக்குப் போன் போட்டார். வண்டி நின்றது. பின்னால் நின்ற ஒருவர் மூச்சு விட்ட சத்தம் என் கழுத்தில் விழுந்தது. ஒரு பெண் குரல், “அவர்கள் கண் தெரியாதவர், பார்த்தால் தெரியவில்லையா?” என்று எனக்காகப் பரிந்து பேசியது. அந்தப் பரிவு எனக்கு அண்ணாச்சி காபியை ஞாபகப்படுத்தியது. ஹேசல் முன்னங்கால்களைப் படியில் வைத்தபடியே நின்றாள், இறக்கவில்லை. போன் முடிந்தது. “ஏறுங்கள், மேடம்.” மன்னிப்பு எதுவும் வரவில்லை. வண்டி தாமதமானதற்கு என்ன காரணம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்க ஆவலாக இருந்தேன். ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறதென்றால், ஊழியர் இரண்டு கேள்வி கேட்கலாம். இது ஊனத்துக்காகப் பணி செய்யும் பிராணியா? என்ன வேலை பழகியிருக்கிறது? அவ்வளவுதான். சான்றிதழும் கிடையாது, செய்து காட்டச் சொல்லவும் கூடாது. விமானத்தில் 2021 ஜனவரியிலிருந்து அரசு படிவம் ஒன்றை நிரப்பித் தரச் சொல்லலாம். போலி ‘சேவை நாய்கள்’ பெருகிய கூத்தின் பலன் அது. வாத்தும் மயிலும் விமானம் ஏறப் பார்த்த வருஷங்கள் அவை. ரயிலுக்கு இன்னும் படிவம் வரவில்லை. பொது இடங்களுக்கான விதியில் 2011 முதல் நாயைத் தவிர குட்டைக் குதிரைக்கும் இடமுண்டு என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாய்க்கு முன்னால் கதவு திறந்துவிட்டது, சக்கர நாற்காலிக்கு முன்னால் திறக்க இன்னும் நாளாயிற்று. பிரிட்டனில் 1980-களிலும் சக்கர நாற்காலியில் வருபவரைக் கார்டு வண்டியில்தான் ஏற்றினார்கள். சைக்கிள்களுக்கும் தபால் மூட்டைகளுக்கும் நடுவில், குளிரில், டிக்கெட் மட்டும் பயணிக்கான டிக்கெட். நம் ஊரிலும் வண்டியின் கோடியில் கார்டு பெட்டியோடு ஒட்டியிருக்கும் மாற்றுத்திறனாளிகள் பெட்டியைத் தெரியும்தானே? கார்டுக்கு அந்தப் பக்கம் நாய்ப்பெட்டி. முதல் வகுப்பு ஏசியில் முழு கூபே எடுக்காதவருடைய நாய் போகும் இரும்பறை அது. இந்தப் பக்கம் நாங்கள். பார்சல், நாய், ஊனமுற்றவர் என்று வரிசையாக வைத்த அந்த ஏற்பாட்டை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். கடைசியில் இருந்தால் கார்டு பார்த்துக்கொள்வார் என்ற நல்லெண்ணமாகக்கூட இருக்கும். ஆனால் இருபத்துச் சொச்சம் பெட்டி நீளமுள்ள வண்டியில், இரண்டு நிமிஷம் நிற்கும் ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் கோடிவரை கம்பு தட்டிக்கொண்டு ஓடியவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் சக்கர நாற்காலிக்காரர்கள் ஃபிராங்க் மாதிரி கம்பெனி கம்பெனியாகப் பேசிக்கொண்டிருக்கவில்லை. 1973-ன் மறுவாழ்வுச் சட்டத்தில் 504-வது பிரிவு வந்தது, அதற்கான விதிகளை அரசு கையெழுத்திடாமல் இழுத்தடித்தது. 1977 ஏப்ரலில் ஜூடித் ஹியூமன் முதலானவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் வெளியே வரவில்லை. மறுவருஷம் டென்வரில் பஸ்ஸுக்கு முன்னால் சாலையில் இறங்கினார்கள். 1990 மார்ச்சில் நாற்காலிகளை விட்டுவிட்டு நாடாளுமன்றத்தின் படிகளில் ஊர்ந்து ஏறினார்கள். அந்த ஜூலை 26-ல் ஊனமுற்றோர் சட்டம் கையெழுத்தாயிற்று. ‘ஏற்றிச் செல்லலாம்’ என்பது ‘ஏற்றியே தீர வேண்டும்’ என்று நாடு முழுவதற்குமான சட்டத்தில் ஆனது அப்போதுதான். நாய்க்கும் சேர்த்துத்தான். பட்டியின் பேரப்பிள்ளைகள் நாற்காலிக்காரர்களின் சட்டத்தில் ஏறிக்கொண்டார்கள் என்பதை நாய் வைத்திருக்கும் நாங்கள் சில சமயம் மறந்துவிடுகிறோம்.

சட்டம் ரயில்களுக்குக் கெடுவும் வைத்தது. 1995 ஜூலைக்குள் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெட்டியாவது சக்கர நாற்காலி ஏறும்படி இருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும் பயணி ரயில்களை நாடு முழுக்க ஓட்டும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் நிலையங்கள் 2010 ஜூலைக்குள் சரியாக வேண்டும். முதலாவது நடந்தது. இரண்டாவது நடக்கவில்லை. நீதித்துறை விசாரித்து, 2020 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. 78 நிலையங்களில் அவதிப்பட்டவர்களுக்கு ஈடாக 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர், பத்து வருஷத்தில் குறைந்தது 135 நிலையங்களுக்குத் திட்டம், அவற்றில் 90-ஐக் கட்டி முடிப்பது என்று கணக்கு. இருபது வருஷம் கெடு கொடுத்த வேலைக்கு இன்னொரு பத்து.

அந்தப் பத்து முடிவதற்குள் ஹேசல் ஓய்வு பெற்றுவிடுவாள். இந்த நாய்கள் ஏழெட்டு வருஷம்தான் வேலை செய்யும். அவளுக்கு நான் பள்ளிக்குக் கட்டியது 150 டாலர், 1930-களில் வைத்த அதே விலை. அடுத்த நாய்க்கு 50 டாலர். ராணுவத்தில் பணியாற்றியவர் என்றால் 1 டாலர். தருமம் வேண்டாம், விலை கொடுத்து வாங்கியது என்று சொல்லிக்கொள்ள ஒரு தொகை இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தார்களாம். அம்மாவிடம் சொன்னபோது, இரண்டாவது எருமைக்கு இப்படி விலை குறைக்கிறவன் தச்சநல்லூர்ச் சந்தையில் ஒருத்தன் கூட இல்லை என்றார்.